கொங்கு நாட்டில் இருந்தபடி டாங்க் கட்டலாம்: போர் வாகன மாடலுக்கு முழுமையான வழிகாட்டி

பிளாஸ்டிக்கில் சின்ன டாங்கும் ராணுவ ஜீப்பும் கட்டுகிற பொழுதுபோக்குக்கு வேண்டிய படிப்பில் பாதி, கொங்கு நாட்டில் ரோட்டோரமே கிடைக்கிறது. சங்ககிரியில் வரிசை கட்டி நிற்கும் லாரிகள், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள், கல்குவாரியில் மண்ணோடு மல்லுக்கட்டும் செயின் பொக்லைன், வால்பாறை ஏறுகிற ஜீப்புகள். இரும்பு எங்கே தேயும், பெயிண்ட் எங்கே உரியும், புழுதி எங்கே தங்கும் என்பது இவற்றைப் பார்த்துப் பழகியவருக்குத் தெரியும். மீதிப் பாதி கைவேலை. அதை, பாகங்கள் அடங்கிய கிட் வாங்குவதில் தொடங்கி, முடிந்த வண்டியைப் பெட்டிக்குள் வைப்பது வரை வரிசையாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு டி-55 டாங்கை வைத்துக்கொள்வோம். 1971 போரில் நம் ராணுவம் ஓட்டிய சோவியத் டாங்க் அது. உருவம் எளிது, நல்ல கிட்களும் கிடைக்கின்றன.

எந்த அளவு, எந்தக் கிட்

டாங்க் மாடல்களில் உலகம் முழுக்கப் புழங்கும் அளவு 1:35, அதாவது நிஜத்தின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இது திட்டம் போட்டு வந்த எண் அல்ல. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்க் ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்க வேண்டும் என்று உடலின் அகலத்தைத் தீர்மானித்தார்கள். கணக்குப் பார்த்தால் அது ஏறக்குறைய 1:35 ஆக இருந்தது. அந்த மாடல் நன்றாக விற்றது, மற்ற நிறுவனங்களும் அதே அளவைப் பிடித்துக்கொண்டன.

பீரங்கிக் குழலோடு சேர்த்து டி-55 சுமார் 9 மீட்டர் நீளம். 1:35 அளவில் அது 26 சென்டிமீட்டர் வரும், 1:72 அளவில் 12.5 சென்டிமீட்டர்தான். ஐந்தே முக்கால் அடி ஆள் 1:35இல் 5 சென்டிமீட்டர், 1:72இல் இரண்டரைக்கும் கொஞ்சம் கம்மி. வீட்டில் அலமாரி சின்னதாக இருந்தாலும் முதல் வண்டியை 1:35இலேயே கட்டுங்கள் என்பேன். கைக்கு அடங்கும், பாகங்கள் கண்ணுக்குத் தெரியும், பெயிண்ட் பழக இடம் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உடன் உட்கார்ந்தால் அவர்களுக்கு ஸ்வெஸ்டா நிறுவனத்தின் 1:72 கிட்களில், பசையில்லாமல் மாட்டுகிற வகையை வாங்கிக் கொடுங்கள்.

முதல் கிட் டாமியாவாக இருப்பது நல்லது. பாகங்கள் குறைவு, ஒன்றோடு ஒன்று சரியாக உட்காரும். உள்ளே இன்ஜின், ஆள் உட்காரும் இடம், குண்டு அடுக்கு எல்லாம் உள்ள மினிஆர்ட் கிட்கள் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் பாகங்கள் ஆயிரத்தைத் தாண்டும். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

பசையைத் திறப்பதற்கு முன்னால் நிஜ வண்டியின் படங்களைச் சேர்த்து வையுங்கள். டி-55க்குப் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மட்டும் இடைவெளி கூடுதல். டி-72க்கு ஆறு சக்கரம், செயினை மேலே தாங்க மூன்று சின்ன உருளைகள் தனி; டி-55க்கு அந்த உருளை கிடையாது. இந்த வித்தியாசம் மனசில் பதிந்துவிட்டால் பெட்டிப் படத்தைப் பார்த்தே வண்டியைச் சொல்லிவிடலாம். நிஜ டாங்கைச் சுற்றி வந்து பார்க்க நினைப்பவர்களுக்கு மகாராஷ்டிராவின் அகில்யாநகரில் (முன்பு அகமதுநகர்) ராணுவத்தின் டாங்க் அருங்காட்சியகம் இருக்கிறது.

கருவிகளில் பாதி உள்ளூரிலேயே

ஹாபி கருவி என்று பெயர் போட்டுவிட்டாலே விலை ஏறிவிடுகிறது. கோவையில் நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடைகளுக்குப் போனால் கூர்முனைச் சாமணம், நீடில் ஃபைல் செட், கண்ணில் மாட்டும் லென்ஸ், கையால் சுற்றும் குட்டி டிரில் எல்லாம் கிடைக்கும். பொற்கொல்லர் நாள் முழுக்கப் பிடிக்கிற சாமணம் என்பதால் தரத்திலும் குறை இருக்காது. கார் பெயிண்ட் கடையில் 400, 600, 1000 எண் வாட்டர் பேப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். பேனாக்கத்திக்குப் பதில் முனை மாற்றுகிற ஹாபி கத்தி வேண்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒன்று நிப்பர், மற்றது பசை. எலக்ட்ரீஷியன் கட்டரின் வாய் இரண்டு பக்கமும் சரிவாக இருக்கும், அது பாகத்தை நசுக்கிவிடும். மாடல் நிப்பரின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கம்தான் பாகத்தை ஒட்டி இருக்க வேண்டும். பசையில், ஃபெவிக்விக் போன்றவை மேலே உறைந்து பிடிப்பவை, அவ்வளவுதான். மாடல் சிமென்ட் என்கிற தண்ணீர் போன்ற திரவம் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கையே கரைத்து, இரண்டு பாகத்தையும் வெல்டிங் போட்டது போல ஒன்றாக்கிவிடும். உலோகத் தகடு, ரெசின் பாகங்களை ஒட்ட மட்டும் ஃபெவிக்விக்கை வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட்டில் அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் தீ வேண்டாம்.

வெட்டுவது, ஒட்டுவது

பாகங்கள் கோத்திருக்கும் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். முதலில் அதைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காய விடுங்கள். அச்சிலிருந்து வெளியே வரத் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

பாகத்தை வெட்டும்போது ஒட்ட வெட்டக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, அப்புறம் வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். ஒரே வெட்டில் எடுத்தால் அந்த இடம் வெளுத்துக் குழி விழும். அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். சக்கரத்தின் விளிம்பிலும் பீரங்கிக் குழலிலும் அதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். குழலில் கோடு தெரிந்தால் மற்ற வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பார்ப்பவர் கண் அங்கேயேதான் போகும். குழலைத் தேய்க்கும்போது பேப்பரைச் சுற்றிப் பிடித்து நீளவாக்கில் இழுங்கள். ஒரே பக்கம் தேய்த்தால் குழல் சப்பையாகிவிடும்.

ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் ஒரு முறை பொருத்திப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிமென்ட் தொட்ட பிரஷ்ஷை மூட்டில் வைத்தால் போதும், திரவம் தானாக இழுத்துக்கொண்டு ஓடிவிடும். அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடைவெளி விழுந்தால் பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டியதுதான். 1:35இல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, நிஜ டாங்கில் மூன்றரை சென்டிமீட்டர் சந்து. அப்படி ஒரு சந்தோடு எந்தத் தொழிற்சாலையும் டாங்கை வெளியே விடாது.

இனி, கோவைக்காரர் கண்ணுக்குச் சுலபமாகப் பிடிபடும் ஒரு வேலை. டி-55இன் சுழல்கோபுரம் உருக்கை அச்சில் வார்த்துச் செய்தது. பம்ப்செட் ஃபவுண்டரியில் கடைசல் பிடிக்காத வார்ப்பைக் கையில் தடவிப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொரசொரப்புதான் அந்தக் கோபுரத்திலும் இருக்கும். கிட்டில் வரும் கோபுரம் பெரும்பாலும் வழவழவென்று இருக்கும். சிமென்ட்டை ஒரு சின்னப் பகுதியில் தடவி, பிளாஸ்டிக் இளகியதும் முடி தேய்ந்த பழைய பிரஷ்ஷால் செங்குத்தாகக் குத்திக்கொண்டே வாருங்கள். காய்ந்த பிறகு 600 பேப்பரால் லேசாக ஒரு இழுப்பு. புள்ளிகள் ஒரே சீராக இருக்கக் கூடாது, மணல் அச்சில் எதுவும் சீராக வராது. மேல்கூரைத் தகடு மட்டும் தட்டையான தகடு, அதைத் தொடாதீர்கள்.

செயின்

டி-55க்கு மேல் உருளை கிடையாது என்று சொன்னேன் அல்லவா, அதன் விளைவு செயினில் தெரியும். எடை தாங்காமல் மேல்பாகம் தொய்ந்து சக்கரங்களின் தலையில் படிந்து கிடக்கும். ரப்பர் மாதிரி ஒரே பட்டையாக வரும் செயினை இழுத்து மாட்டினால் கம்பி கட்டியது போல நேராக நிற்கும், வண்டியே பொய்யாகத் தெரியும். சக்கரத் தலைக்கும் பட்டைக்கும் நடுவே ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு, ஐஸ் குச்சியால் அழுத்திப் பிடித்தால் தொய்வு வந்துவிடும். தனித்தனிக் கண்ணியாக வரும் செயின் என்றால் சிமென்ட் முழுசாகக் காய்வதற்கு முன்பே சக்கரங்களைச் சுற்றி வளைத்து வடிவம் கொடுங்கள். இது பொறுமை கேட்கும் வேலை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் சலிப்புத் தட்டாது. பட்டைச் செயினை ஃபெவிக்விக்கில் ஒட்டுவது பெயிண்ட் அடித்து முடிந்த பிறகுதான்; அதுவரை எந்தச் செயினையும் தனியாகக் கழற்றி எடுக்க முடிகிற மாதிரி வையுங்கள்.

பெயிண்ட்: நம் ஊர் வெயிலும் காற்றும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் எழுதியிருக்கும் பெயிண்ட் கணக்கு ஈரோட்டிலோ கரூரிலோ சித்திரை மாதத்தில் செல்லாது. அக்ரிலிக் பெயிண்ட், ஏர்பிரஷ் என்கிற காற்றில் பெயிண்ட் தூவும் கருவியின் முனையிலிருந்து கிளம்பி வண்டியைத் தொடுவதற்குள் பாதி காய்ந்து, பொடியாக மேலே உட்காரும். தடவிப் பார்த்தால் வாட்டர் பேப்பர் போலச் சொரசொரக்கும். இதற்கு வழி உண்டு. விடியற்காலையில் அடியுங்கள். தின்னரைக் கொஞ்சம் கூட்டிப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டுச் சேருங்கள். காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும், முனை வண்டிக்கு 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

ஆனி, ஆடியில் வேறு தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற அதே வேகத்தில் புழுதியையும் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். ஈரப் பெயிண்ட் மேல் ஒரு தூசி விழுந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். அடிப்பதற்கு முன் தரையில் தண்ணீர் தெளியுங்கள், அடித்து முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். ஐப்பசி மழையில் லேக்கர் வகை வார்னிஷ் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டுப் பால் போல வெளுத்துவிடும்.

ஏர்பிரஷ் இல்லையென்றால் ஸ்ப்ரே டப்பாவில் ப்ரைமரும் அடிநிறமும் அடித்து, மீதியைக் கைப்பிரஷ்ஷில் முடிக்கலாம். ப்ரைமர் சாம்பல் நிறம். அதன் மேல் அடர் பச்சை. கடையில் இருக்கிற ராணுவப் பச்சையை அப்படியே அடித்தால் சின்ன வண்டியில் கறுத்துத் தெரியும், ஆகவே வெளிர் நிறம் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். மேல்பார்வைத் தகடுகளில் இன்னும் ஒரு சுற்று வெளிர் பச்சையை மெல்லியதாக அடித்தால், வெயில் பட்டு வெளுத்த மாதிரி இருக்கும். பல வருஷம் வெயிலில் ஓடிய எந்த லாரியின் கேபின் கூரையையும் பாருங்கள், கதவை விடக் கூரைதான் வெளுப்பு.

எண்ணும் அடையாளமும்

இந்திய ராணுவ வண்டியின் எண் தகட்டில் முதலில் மேல்நோக்கிய அம்பு, அடுத்து ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கம், அப்புறம் எழுத்தும் எண்ணும் வரும். வெளிநாட்டுக் கிட்டில் இது இருக்காது. தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற டீகால் தாளைத் தனியாக வாங்கலாம், கை நிதானமாக இருந்தால் பூஜ்ய அளவுப் பிரஷ்ஷில் எழுதலாம்.

டீகால் ஒட்டும் இடத்தில் முதலில் பளபள வார்னிஷ் அடியுங்கள். சொரசொரப்பான மேல் டீகால் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளையாகத் தெரியும். தண்ணீரிலும் கவனம் வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் கவலையில்லை. போர்வெல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் காய்ந்ததும் டீகாலைச் சுற்றி வெள்ளைக் கறை நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நெடுநாளைக்கு வரும்.

அழுக்கு

மாடல் கட்டுவதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. நிறையப் பேர் அவசரத்தில் கோட்டைவிடுவதும் இங்கேதான்: டாங்க் என்றால் துரு, சேறு, கீறல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வண்டி முழுக்கப் பூசிவிடுகிறார்கள். அழுக்குக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அது படிகிற விதத்தை நம் ஊர் வண்டிகளிடம் கற்றுக்கொள்ளுங்கள். அதன் நிறத்தை மட்டும் அந்த டாங்க் ஓடிய மண்ணிடம் கேளுங்கள்.

நாமக்கல்லில் ஒரு பாடி கட்டும் பட்டறையில் பழைய லாரியைத் தேய்த்துக்கொண்டிருந்த பெயிண்டரிடம், “ஏனுங்ணா, மழையிலதான பெயிண்ட் சீக்கிரம் போகும்?” என்று கேட்டேன். “இல்லீங் தம்பி, மழை என்ன பண்ணும்? கையும் காலும் படற எடத்துலதான் போவும், இங்க பாருங்க” என்று காட்டினார். கேபினுக்கு ஏறும் படியின் நடுப்பகுதி வெள்ளி போல மின்னியது, ஓரங்களில் பெயிண்ட் அப்படியே இருந்தது. கைப்பிடியின் உள்பக்கம் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கம் புதுசு. கதவின் கீழ் விளிம்பில் சின்னச் சின்ன உதிர்வுகள், டயர் வீசியெறிந்த கல் பட்டவை.

அதை அப்படியே டாங்குக்குக் கொண்டுபோங்கள். வீரர்கள் ஏறும் வழி எது? முன்பக்கச் செயின்மூடி மேல் கால் வைத்து, கோபுரத்தின் கைக்கம்பியைப் பிடித்து, கோபுர வாசல் மூடியின் விளிம்பில் கை ஊன்றி உள்ளே இறங்குவார்கள். தேய்மானம் அந்த வழியில் மட்டும் இருக்கட்டும். ஸ்பாஞ்சைக் கிள்ளி எடுத்து, கரும்பழுப்பில் தொட்டு, தாளில் ஒற்றி எடுத்த பிறகு விளிம்புகளில் மெல்லத் தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் உதிர்வு நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் என்பதை மறக்க வேண்டாம், ஆகவே ஊசிமுனை அளவே பெரிசு. துருவிலும் அளவு வேண்டும். 1971 போர் டிசம்பர் 3இல் தொடங்கி 16இல் முடிந்துவிட்டது. அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு டாங்க் காயலாங்கடை வண்டி போலத் துருப்பிடிக்க வாய்ப்பில்லை.

வேலை வரிசை இப்படி. பளபள வார்னிஷ் காய்ந்ததும் அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை அதற்கான எண்ணெய்த் தின்னரில் நன்றாக நீர்க்கடித்து, ஆணித்தலை, வெல்டிங் கோடு, மூடி ஓரங்களில் மட்டும் பிரஷ் நுனியால் தொட்டு விடுங்கள். வழிந்து வெளியே வந்ததைத் தின்னர் நனைத்த பிரஷ்ஷால் துடைத்தால் நிழல் மட்டும் பள்ளத்தில் தங்கும். அடியில் அக்ரிலிக் பெயிண்ட் இருப்பதால் எண்ணெய்த் தின்னர் அதைக் கரைக்காது. கேம்லின் ஆயில் கலரில் பர்ன்ட் அம்பர், ரா அம்பர் இரண்டு டியூப் இருந்தாலே போதும். ஒரு நாள் காய விட்டு மேட் வார்னிஷ் அடியுங்கள்.

டி-55இன் புகைவாய் இடப்பக்கச் செயின்மூடியின் பின்பகுதியில் இருக்கிறது. டீசல் கரி அந்த இடத்திலும் அதற்குப் பின்னாலும் மட்டும்தான் படியும். கறுப்பு நிறமிப் பொடியை உலர்ந்த பிரஷ்ஷில் எடுத்துத் தேய்த்துவிடுங்கள். வலப்பக்கம் அதே போலப் பூசினால், டாங்க் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்தது மண். நம் தோட்டத்துச் செம்மண்ணை அள்ளி 1971 டாங்கில் பூசத் தோன்றும். பூசாதீர்கள். அந்த வருஷம் நவம்பரில் கரீப்பூரில் நம் பி.டி.-76 டாங்குகள் சண்டை போட்டது வங்காளத்து வண்டல் வயல்களில், சாம்பலும் பழுப்பும் கலந்த ஈரச் சேற்றில். டிசம்பரில் பசந்தர் ஆற்றங்கரையில் இளம் அதிகாரி அருண் கேத்தர்பால் தம் செஞ்சூரியன் டாங்கோடு உயிர் கொடுத்த ஷகர்கர் பகுதி, வெளிர் மஞ்சள் கலந்த ஆற்று மண். ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் பாலைவன மணல். எந்த முனையில் நின்ற வண்டி என்று முடிவு செய்த பிறகுதான் மண் நிறத்தைக் கலக்க வேண்டும். செம்மண் பூச ஆசையாக இருந்தால், அமைதிக் காலத்தில் இந்தப் பக்கம் ஓடிய ராணுவ ஜீப்பைக் கட்டுங்கள், அழகாகப் பொருந்தும்.

மண்ணை நேராக ஒட்டக் கூடாது. அரை மில்லிமீட்டர் மணல் துகள் 1:35இல் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் ஜல்லி. வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, பழைய வேட்டித் துணியில் சலித்த மாவு மட்டும் போதும். அதோடு வேண்டிய நிறத்தில் நிறமிப் பொடி கலந்து, தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் குழைத்து அடிப்பாகத்திலும் சக்கரங்களுக்கு நடுவிலும் அப்புங்கள். மேலே போகப் போகச் சேறு குறைந்து தெறிப்பாக மாறி, பிறகு வெறும் புழுதி ஆக வேண்டும். மழை நாளில் வயலுக்குள் போய் வந்த டிராக்டரைக் காய்வதற்கு முன் ஒரு தரம் சுற்றி வந்து பாருங்கள். ஈரச்சேறு கறுப்பு, காய்ந்தது வெளுப்பு, இரண்டும் ஒரே வண்டியில் இருக்கும்.

கடைசியாகச் செயின். குவாரியில் ஓடும் பொக்லைன் செயினில் தரையைத் தொடும் மேடுகள் பாத்திரம் தேய்த்த மாதிரி மின்னும், பள்ளத்தில் மண்ணும் துருவும் இருக்கும். செயின் முழுவதும் கரும்பழுப்பு அடித்து, சேறு பூசி, காய்ந்ததும் மேடுகளை மட்டும் பென்சில் கிராஃபைட் பொடி தொட்ட விரலால் தேயுங்கள். இரும்பு தெரிந்துவிடும்.

பெட்டி

வண்டியைத் திறந்த அலமாரியில் வைத்தால் நீங்கள் அளந்து பூசிய புழுதி மேல் ஆடிக்காற்றின் புழுதி உட்கார்ந்துவிடும், துடைத்தால் நிறமிப் பொடியும் சேர்ந்து வரும். மரப்பலகையில் அடியிலிருந்து ஒரு சின்ன ஸ்குரூ போட்டு நிறுத்தி, மேலே அக்ரிலிக் மூடி போடுங்கள். அளவு சொன்னால் போர்டு எழுதும் கடைகளில் அக்ரிலிக் தகட்டை லேசரில் வெட்டி ஒட்டியே கொடுக்கிறார்கள். குழல் நீட்டிய நீளத்தைச் சேர்த்து அளவு சொல்ல வேண்டும். மேற்கு வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம், ரப்பர் பட்டைச் செயின் வறண்டு விரிசல் விடும்.

இரண்டாவது வண்டிக்கு ஒரு வில்லிஸ் ஜீப் எடுங்கள், 1965 போரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நம் வீரர் அப்துல் ஹமீது நின்ற ஜீப் போல 106 மில்லிமீட்டர் பீரங்கியோடு. டாங்கில் தகடு மறைத்துவிடுகிற ஸ்டியரிங், சீட், கியர் கம்பி எல்லாம் அதில் வெளியே தெரியும், தேய்மானம் காட்ட இடம் நிறைய. மகிந்திரா ஜீப் ஓட்டிய பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டுங்கள். கிளட்ச் பெடலில் எந்த மூலை முதலில் தேயும் என்று அவர் சொல்லிவிடுவார்.